சஸ்குவெஹானா கரையில் கொலம்பியா: ஒரு துறையூரின் வரலாறும் இயல்பும்

ஓடக்கோல்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவெஹானா ஆற்றின் கிழக்குக் கரையில் கொலம்பியா என்றோர் ஊர் இருக்கிறது. லங்காஸ்டர் கவுண்டியைச் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 10,000-ஐச் சற்றே தாண்டுகிறது. அந்த மாநிலச் சட்டம் இதற்கு நகரம் என்ற தகுதியைத் தரவில்லை. 1814 முதல் 'பரோ' எனப்படும் பேரூராட்சியாகவே இருந்து வருகிறது. எதிர்க்கரையில் இருப்பது ரைட்ஸ்வில். அது யார்க் கவுண்டியைச் சேர்ந்தது. இவ்வளவு சிறிய ஊருக்குத் தனி விவாத இழை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் தலைநகர் ஆகியிருக்க வேண்டிய ஊர் என்றும், உள்நாட்டுப் போரின் போக்கையே மாற்றிய ஊர் என்றும் இதைப் பற்றி இரண்டு பெரிய கதைகள் உலவுகின்றன. இரண்டிலும் எவ்வளவு உண்மை உண்டு என்று பேசிப் பார்க்கலாம்.

முதலில் அடிப்படைச் செய்திகள். இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்த ஜான் ரைட் என்பவர், குவேக்கர் என்ற கிறித்தவச் சமயக் குழுவைச் சேர்ந்தவர், ராபர்ட் பார்பர், சாமுவேல் பிளன்ஸ்டன் ஆகிய இருவருடன் 1720-களில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார். 1730இல் படகுத்துறை நடத்தும் உரிமை ரைட்டுக்குக் கிடைத்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த இடம் 'ரைட்டின் துறை' என்றே அழைக்கப்பட்டது. ஆறு இங்கே ஏறத்தாழ ஒரு மைல் அகலம்; ஆழம் குறைவு; அடியெல்லாம் பாறை. கடலிலிருந்து கப்பல் ஏறி வர முடியாது, வண்டி இறங்கிக் கடக்கவும் முடியாது. பிலடெல்பியாவிலிருந்து மேற்கே நிலம் தேடிப் போன குடும்பங்களுக்கு இந்த ஒரு மைல்தான் பெரிய தடை. துறையில் கூட்டம் நெரியும் நாட்களில் வண்டிகள் முறை வைத்துக் காத்துக் கிடந்தன. காத்திருப்பவர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தே விடுதிகள் பிழைத்தன.

என் கருத்து இதுதான்: இவ்வூருக்கு வாழ்வு கொடுத்தது ஆற்றைக் கடப்பதில் இருந்த சிரமம். சிரமம் இருந்தவரை ஊர் வளர்ந்தது. அது குறையக் குறைய ஊரும் தளர்ந்தது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்.

பழைய ஏடு

ஓடக்கோல் ஐயா, கதையை 1720-களில் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆற்றுக்கே தங்கள் பெயரைத் தந்த சஸ்குவெஹானாக் மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே இந்தக் கரைகளில் வாழ்ந்தார்கள். பின்னர் வந்த ஷாவ்னி மக்களின் பெயர் இன்றும் அங்குள்ள ஓர் ஓடைக்கு நிற்கிறது. ரைட் தேர்ந்தெடுத்த இடம் வெற்றுக் காடாக இருந்ததில்லை. மனிதர்கள் கூடும் இடமாகத்தான் அது முன்பே இருந்தது.

அடுத்து, தொடக்க காலத்தில் எதிர்க்கரை எந்த மாகாணத்துக்குச் சொந்தம் என்பதே முடிவாகவில்லை. மேரிலாந்தும் பென்சில்வேனியாவும் அதற்காக 1730-களில் அடித்துக்கொண்டன. மேரிலாந்தின் சார்பில் தாமஸ் கிரெசாப் என்பவர் மேற்குக் கரையில் குடியேறித் தாமும் ஒரு படகுத்துறையை நடத்தினார். அதற்கு எதிர்வினையாகப் பென்சில்வேனியா தரப்பில் மேற்குக் கரை நிலங்களுக்குக் குடியேற்ற உரிமச் சீட்டுகளை எழுதிக் கொடுத்தவர், நீங்கள் குறிப்பிட்ட அதே பிளன்ஸ்டன். கிரெசாப்பை 1736இல் பிடித்துப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனபோது, மேரிலாந்தின் அழகான ஊர்களில் இதுவும் ஒன்று என்று அவர் அந்நகரைப் பார்த்துக் கேலி பேசியதாக ஒரு கதை நெடுநாளாக வழங்குகிறது. மேசன், டிக்சன் என்ற இருவரும் 1763 முதல் 1767 வரை அளந்து எல்லைக்கோடு போட்ட பிறகே இந்த வழக்கு ஓய்ந்தது. ஆக, துறைக்குள் வந்த பணத்தோடு அதிகாரப் போட்டியும் சேர்ந்தே வந்தது என்பதையும் உங்கள் கருத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பெயரை விட்டுவிட்டீர்கள். ஜான் ரைட்டின் மகள் சுசானா ரைட், 1697இல் பிறந்து 1784 வரை வாழ்ந்தவர். கவிதை எழுதினார், பட்டுப்புழு வளர்த்து நூல் எடுத்தார், எழுதத் தெரியாத அயலாருக்குப் பத்திரங்களும் மனுக்களும் எழுதிக் கொடுத்தார், மூலிகை மருந்தும் கொடுத்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜேம்ஸ் லோகனும் அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்கள். 1755இல் பிரிட்டிஷ் தளபதி பிராடாக்கின் படைக்கு வண்டிகள் திரட்ட பிராங்க்ளின் இந்தப் பகுதிக்கு வந்தபோது சுசானாவின் யோசனையைக் கேட்டார். காட்டின் விளிம்பில் இருந்த ஒரு படகுத்துறையில் 1738இல் கட்டிய கல்வீட்டில் அமர்ந்து, பிலடெல்பியா அறிஞர்களுடன் சரிக்குச் சரியாக எழுதிய பெண். வீடு இன்றும் நிற்கிறது. இந்த ஊரைப் பற்றி யார் எழுதினாலும் பாலத்துக்கு ஓடிவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

நெய்தல்

அருமையான தகவல்கள். தலைநகர் கதையைக் கொஞ்சம் விளக்குங்களேன். ஒரே ஒரு வாக்கில் வாய்ப்பு நழுவியது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அது உண்மையா?

ஓடக்கோல்

அப்படியே ஏற்க முடியாது, ஆனால் முழுப் பொய்யும் அல்ல.

1788இல் ஜான் ரைட்டின் பேரன் சாமுவேல் ரைட், குடும்ப நிலத்தை மனைகளாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கல் முறையில் விற்றார். ஊருக்குக் கொலம்பியா என்ற பெயர் வந்தது அதையொட்டித்தான். புதிய கூட்டாட்சி தன் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது; பெயர் மாற்றத்தில் அந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்று பலரும் கருதுகிறார்கள். மறு ஆண்டு, அதாவது 1789இல், நாடாளுமன்றத்தின் கீழவையில் யார்க் நகரத்து உறுப்பினர் தாமஸ் ஹார்ட்லி, ரைட்டின் துறையைப் பெயர் சொல்லியே முன்மொழிந்தார். செப்டம்பரில் கீழவை ஒரு மசோதாவை நிறைவேற்றவும் செய்தது. ஆனால் அதில் இருந்தது பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா கரையில் ஓரிடம் என்பது மட்டுமே. மேலவை அதை மாற்றிப் பிலடெல்பியாவை ஒட்டிய ஜெர்மன்டவுனை நுழைத்தது. மசோதா இரண்டு அவைகளுக்கும் இடையே இழுபட்டுக் கடைசியில் ஒத்திவைக்கப்பட்டது. 1790 ஜூலையில் வந்த சட்டம் தலைநகரைப் பொட்டோமாக் கரைக்குக் கொண்டுபோனது. மாநிலங்களின் போர்க்கடனை மைய அரசு ஏற்பதா வேண்டாமா என்ற பேரத்தோடு இந்த முடிவு பிணைந்திருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

ஆகவே ஒற்றை வாக்கில் கொலம்பியா தோற்றது என்பது ஊர்ப்பெருமைக்காகச் சுருக்கிய கதை. தோற்றது சஸ்குவெஹானா, தோற்கடித்தது தெற்கு மாநிலங்களின் பேரம். ஆனால் ஒன்று சொல்வேன்: நாட்டின் வடக்கையும் தெற்கையும் மேற்கையும் எட்டக்கூடிய நடுப்புள்ளி எது என்று தேடியவர்களின் கண்ணில் ஒரு படகுத்துறை பட்டது தற்செயல் இல்லை.

கற்றூண்

நான் பாலங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய ஏடு கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊரில் பாலத்தைத் தாண்டிப் போக வழியில்லை.

முதல் பாலம் 1812இல் தொடங்கி 1814இல் முடிந்தது. நீளம் 5,690 அடி. முழுக்க மரம், மேலே கூரையும் பக்கங்களில் பலகைச் சுவரும் உண்டு. உலகில் அன்றுவரை கட்டப்பட்ட கூரைப்பாலங்களில் அதுவே மிக நீளமானது. கட்டிய நிறுவனம் வங்கியாகவும் பாலக் கம்பெனியாகவும் ஒரே நேரத்தில் இயங்கியது என்பது வேடிக்கையான செய்தி. சுங்கம் வசூலித்த கை கடனும் கொடுத்தது. ஊருக்குப் பேரூராட்சித் தகுதி கிடைத்ததும் பாலம் திறந்ததும் ஒரே ஆண்டு என்பதைக் கவனியுங்கள். 1832 பிப்ரவரியில் ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து பாளம் பாளமாக வந்து மோதியதில் அந்தப் பாலம் போயிற்று. கூரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: மழையும் பனியும் சட்டத்தின் மூட்டுகளில் இறங்கி மரம் உளுத்துப்போகாமல் காப்பதற்குத்தான் அது. ஆனால் மேலிருந்து வருவதை மட்டுமே கூரையால் தடுக்க முடியும்.

1834இல் இரண்டாவது பாலம் வந்தது. இதுதான் என் மனத்துக்கு நெருக்கமானது. அதே ஆண்டில் பிலடெல்பியாவிலிருந்து கொலம்பியா வரை 82 மைல் ரயில்பாதையும் திறக்கப்பட்டது. மாநில அரசு தன் செலவில் பிட்ஸ்பர்க் வரை போட்ட பெருவழியின் முதல் துண்டு அது. ரயில் கொலம்பியாவில் நின்றுவிடும்; அங்கிருந்து மேற்கே ஹாலிடேஸ்பர்க் வரை கால்வாய்ப் படகு. ஆகவே ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு பீப்பாயும் இந்த ஊரில் இறங்கி ஏறியாக வேண்டும். பின்னர் மேற்குக் கரையில் ரைட்ஸ்விலிலிருந்து கடற்கழிமுகம் நோக்கி இன்னொரு கால்வாய் 1840இல் திறந்தது. கிழக்குக் கரைக் கால்வாயின் படகு மேற்குக் கரைக் கால்வாய்க்குப் போக, நடுவில் ஆறு கிடக்கிறதே, என்ன செய்வது? ஆற்றில் குறுக்கே தாழ்வான அணை கட்டி நீரைத் தேக்கினார்கள்; பாலத்தின் பக்கவாட்டில் இழுவைப் பாதை அமைத்தார்கள். கோவேறு கழுதைகள் பாலத்தின் ஓரமாக நடக்க, அவற்றின் கழுத்திலிருந்து இறங்கிய கயிற்றில் கட்டுண்டு, கீழே ஆற்றில் படகு மெல்ல நகர்ந்து போகும். பாலத்துக்குள்ளே தண்டவாளம். ஆனால் எஞ்சினுக்கு உள்ளே அனுமதி இல்லை. புகைபோக்கியிலிருந்து ஒரு பொறி பறந்தால் ஒரு மைல் மரமும் சாம்பல். எனவே ரயில் பெட்டிகளை ஒரு கரையில் கழற்றி, விலங்குகளைப் பூட்டி, இருட்டுச் சுரங்கம் மாதிரியான அந்தக் கூரைக்குள் இழுத்துச் சென்று, மறுகரையில் வேறு எஞ்சினோடு சேர்த்தார்கள். நெருப்புக்கு இவ்வளவு அஞ்சிக் காத்த பாலத்துக்கு எது முடிவாக அமைந்தது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

ஓடக்கோல் சொன்ன 'சிரமத்தில் பிழைத்த ஊர்' என்பது இந்த முப்பது ஆண்டுகளுக்கு மிகவும் பொருந்தும். ஏற்றி இறக்குபவர்கள், கழுதைக்காரர்கள், கயிறு திரிப்பவர்கள், கிட்டங்கிக்காரர்கள் எல்லோருக்கும் சோறு போட்டது அந்த இடைவெளிதான்.

இளவேனில்

இதுவரை எழுதியவற்றில் ஒரு பெரிய குறை தெரிகிறது. ஆற்றைக் கடந்தவர்கள் வண்டிக்காரர்களும் வணிகர்களும் மட்டும்தானா? மேரிலாந்திலிருந்தும் வர்ஜீனியாவிலிருந்தும் அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு வடக்கே வந்தவர்களுக்கு இதே ஒரு மைல் தண்ணீர் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான தூரமாக இருந்தது. வர்ஜீனியாவில் விடுதலை பெற்று வந்த குழுக்கள் இந்த ஊரின் வடகிழக்குப் பகுதியில் குடியமர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் லோனி, தப்பி வருபவர்களை இரவில் படகில் ஏற்றிக் கரை சேர்த்தார்.

ஸ்டீபன் ஸ்மித்தின் வாழ்க்கையைப் பாருங்கள். அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். சிறுவயதிலேயே கொலம்பியாவைச் சேர்ந்த தாமஸ் பூடின் வீட்டுக்கு ஒப்பந்த ஊழியராக வந்தார். வளர்ந்து அவருடைய மரக்கிட்டங்கியை நடத்தினார். 1816இல் 50 டாலர் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிக்கொண்டு, சொந்தமாக மர வணிகம் தொடங்கினார். வசந்த வெள்ளத்தில் மலைக்காடுகளிலிருந்து கட்டுமரங்களாகப் பிணைத்து வந்த பைன் மரங்கள் கொலம்பியாவில் கரையேறின. அவற்றை வாங்கி அறுத்து விற்பதுதான் தொழில். பின்னர் வில்லியம் விப்பர் கூட்டாளியானார். இருவரும் கறுப்பினத்தவர், இருவரும் அந்த வட்டாரத்தின் பெருஞ்செல்வர்கள் ஆனார்கள். அவர்களிடம் சொந்தமாக ரயில் பெட்டிகள் இருந்தன. மரம் ஏற்றிப் பிலடெல்பியாவுக்குப் போன அந்தப் பெட்டிகளில் மனிதர்களும் மறைந்து போனார்கள். கற்றூண் வியந்து எழுதிய அதே 82 மைல் பாதைதான்.

ஆனால் இதை ஊர்ப்பெருமையாக மட்டும் எழுதுவது பாதி உண்மை. பாலமும் ரயிலும் வந்த அதே 1834இன் ஆகஸ்டில் வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பின மக்களின் வீடுகளைத் தாக்கியது; அடுத்த மாதங்களிலும் ஓயவில்லை; ஸ்மித்தின் அலுவலகமும் தப்பவில்லை. அவர் தம் சொத்துகளை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற மிரட்டலும் வந்தது. அவர் உடனே பணியவில்லை. 1842இல்தான் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தார், தொழிலைக் கொலம்பியாவில் விப்பர் கவனித்தார். 1850இல் தப்பியோடியோரைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம் கடுமையானதும் இங்கிருந்த கறுப்பின மக்களில் ஏறத்தாழப் பாதி கனடாவுக்கும் பிற இடங்களுக்கும் போய்விட்டது. 1852இல் வில்லியம் ஸ்மித் என்ற தொழிலாளியைப் பிடிக்க பால்டிமோரிலிருந்து வந்த காவலர் ஒருவர், ஒரு மரக்கிட்டங்கியில் பட்டப்பகலில் அவரைச் சுட்டுக் கொன்றார். துறையூரின் இயல்பு என்று எதையாவது சொல்வதானால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். யாரும் வந்து போகலாம் என்றிருந்த ஊர், வந்தவர்கள் வேரூன்றிச் செழித்தபோது பொறுக்கவில்லை.

பழைய ஏடு

இளவேனில் எழுதியதற்கு ஒரு சிறு சேர்க்கை. சிறுவன் ஸ்டீபன் பூடின் வீட்டில் இருந்தபோது அவனுடைய தாய் எசமானியிடமிருந்து தப்பி அங்கே வந்து சேர்ந்தார். எசமானி தேடி வந்தபோது பூட் வீட்டார் விட்டுக்கொடுக்கவில்லை. நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த இந்த நிகழ்ச்சியைத்தான் அந்தப் பகுதியில் தப்பி வரும் அடிமைகளுக்கான இரகசிய உதவிப் பாதை உருவானதற்கான முதல் பொறியாகப் பழைய எழுத்தாளர்கள் காட்டுகிறார்கள்.

1834 கலவரத்தைப் பொறுத்தவரை, அதே கோடையில் பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் இப்படிப்பட்ட வன்முறை நடந்தது. எனவே அதை இந்த ஊரின் தனிக்குணமாக எழுதுவது நியாயமா என்று யோசிக்க வேண்டும்.

இளவேனில்

பிற ஊர்களிலும் நடந்தது என்பது உண்மை; பொறுப்பை அது குறைக்காது. கொலம்பியாவில் வெள்ளைத் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு, கறுப்பினத்தவர் தங்கள் வேலைகளையும் கூலியையும் பறிக்கிறார்கள் என்று தீர்மானமே எழுதி வெளியிட்டார்கள். ரயிலும் கால்வாயும் கொண்டுவந்த புது வேலைகள் யாருக்கு என்பதுதான் சண்டை. ஏற்றி இறக்கும் வேலை எல்லோருக்கும் சோறு போட்டது என்று கற்றூண் எழுதினார். அந்தச் சோற்றில் பங்கு கேட்டவர்கள் அடி வாங்கினார்கள் என்பதுதான் நான் சேர்க்க விரும்புவது.

நெய்தல்

இப்போது உள்நாட்டுப் போர் நடந்த 1863க்கு வருவோம். பாலத்தை எரித்திருக்கவே வேண்டியதில்லை என்று சிலரும், எரித்ததால்தான் கெட்டிஸ்பர்க் போரே நடந்தது என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி?

கற்றூண்

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

1863 ஜூன் கடைசியில் தென்னவர் படை, அதாவது பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை, பென்சில்வேனியாவுக்குள் பரவியிருந்தது. ஜூபல் ஏர்லியின் பிரிவு யார்க் நகரைப் பிடித்தது. அவருடைய படைத்தலைவர்களில் ஒருவரான ஜான் கோர்டன் ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை மாலை ரைட்ஸ்வில்லை நெருங்கினார். பாலத்தைச் சேதமில்லாமல் கைப்பற்றினால் ஆற்றைக் கடந்து, ரயில்பாதையைத் துண்டித்து, லங்காஸ்டரை அடக்கி, மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கைப் பின்புறமாகத் தாக்கலாம் என்பது ஏர்லியின் திட்டம். ஹாரிஸ்பர்க்குக்குக் கீழே இந்த ஆற்றின் மேல் நெடுந்தொலைவுக்குப் பயன்படக்கூடிய பாலம் இது ஒன்றே.

எதிரே நின்றது கர்னல் ஜேக்கப் ஃபிரிக்கின் தலைமையில் இருந்த அவசரப்படை. பெரும்பாலும் சில நாட்களுக்கு முன் சேர்ந்த தன்னார்வலர்கள், பீரங்கி கிடையாது. கோர்டனின் குண்டுகள் விழத் தொடங்கியதும் ஃபிரிக் படையைப் பாலத்தின் வழியே கொலம்பியாவுக்குப் பின்வாங்கச் செய்தார். முதலில் ஒரு வளைவை மட்டும் வெடிவைத்து வீழ்த்தத்தான் ஏற்பாடு. அடியில் மரத்தை அறுத்துத் துளைபோட்டு வெடிமருந்து நிரப்பியிருந்தார்கள். திரி கொளுத்தினார்கள், வெடித்தது, ஆனால் வளைவு விழவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு உறுதியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தென்னவர் பாலத்துக்குள் நுழைந்துவிடுவார்கள் என்ற நிலையில் வேறு வழியின்றித் தீ வைக்க ஆணை பிறந்தது. ஒரு மைலுக்கும் மேலான உலர்ந்த மரம், காற்று வேறு. சில மணி நேரத்தில் இரண்டு கரைக்கும் இடையே கல்தூண்கள் மட்டும் நின்றன.

இங்கேதான் விந்தையான ஒரு திருப்பம். தீ ரைட்ஸ்வில் கரையின் மரக்கிட்டங்கிக்கும் வீடுகளுக்கும் தாவியது. கோர்டன் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்கிறார்: பாலத்தீயை அணைக்க வாளி கேட்டபோது ஊரில் ஒரு வாளிகூட அகப்படவில்லையாம், ஊரே தீப்பிடித்ததும் வாளியும் குடமும் தொட்டியும் எங்கிருந்தோ வந்து குவிந்தனவாம். படையெடுத்து வந்த ஜார்ஜியா வீரர்கள் ஆற்றிலிருந்து வரிசையாக நின்று வாளி கைமாற்றி எதிரியின் ஊரைக் காப்பாற்றினார்கள்.

மறுநாள் கோர்டன் யார்க்குக்குத் திரும்பினார். இரண்டு நாள் கழித்துக் கெட்டிஸ்பர்க் பெரும்போர் தொடங்கியது. எரிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறீர்கள். கோர்டனிடம் இருந்தது 'பிரிகேட்' எனப்படும் ஒரு படைப்பகுதி மட்டுமே. வடக்கின் முதன்மைப் படை அருகே வந்துவிட்டது என்று தெரிந்ததும் தென்னவரின் தளபதி லீ தம் படைகளை ஒன்றுகூட அழைத்துவிட்டார். ஏர்லி ஆற்றைக் கடந்திருந்தாலும் திரும்பித்தான் வந்திருக்க வேண்டும். அதனால் 'போரின் போக்கை மாற்றியது' என்பது மிகை. ஆனால் ஞாயிறு மாலை ஃபிரிக்குக்கு லீயின் மனத்தில் இருந்தது தெரிய வழியில்லை. எதிரே நின்ற படை மட்டுமே தெரிந்தது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் கொளுத்தத்தான் சொல்லியிருப்பேன்.

பாலத்துக்கு உரியவர்களான வங்கிக் கம்பெனியார் மைய அரசிடம் இழப்பீடு கேட்டு அலைந்ததும், அது கிடைக்காமலே போனதும் தனிக்கதை.

இளவேனில்

கற்றூண் விவரித்த பாதுகாப்புப் படையில் ஒரு கறுப்பினக் குழுவும் இருந்தது. ஏறத்தாழ ஐம்பது பேர், கொலம்பியாவின் தொழிலாளர்கள். ரைட்ஸ்வில்லைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டியவர்கள் அவர்கள்; சண்டை தொடங்கும் நேரத்தில் கூட இருந்த பொதுமக்களில் பலர் கிளம்பிவிட, இவர்கள் துப்பாக்கி வாங்கிக்கொண்டு குழியிலேயே நின்றார்கள். வடக்குத் தரப்பில் அன்று உயிரிழந்த ஒரே மனிதர் அந்தக் குழுவைச் சேர்ந்தவர். ஃபிரிக் தம் அதிகாரபூர்வ அறிக்கையில் அவர்களை மனமாரப் பாராட்டினார். தென்னவர் கையில் சிக்கினால் மற்றவர்கள் போர்க்கைதி ஆவார்கள், இவர்கள் விற்பனைச் சரக்கு ஆவார்கள். அதை அறிந்தே நின்றார்கள்.

1832இல் இதே ஊரில் பிறந்த ஸ்டீபன் ஸ்வெயில்ஸ், கறுப்பின வீரர்களைக் கொண்ட, புகழ்பெற்ற 54ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, வடக்குப் படையில் முதன்முதலாக அதிகாரி பதவி பெற்ற கறுப்பினத்தவர்களில் ஒருவரானார். மாநில ஆளுநர் 1864இல் பதவி ஆணை கொடுத்த பிறகும் போர்த்துறை அதை ஏற்க 1865 ஜனவரி வரை இழுத்தடித்தது.

ஓடக்கோல்

மிச்சத்தை நான் விரைவாகச் சொல்லிவிடுகிறேன்.

எரிந்த பாலத்தின் இடத்தை ரயில் கம்பெனி வாங்கி 1868இல் மூன்றாவது பாலத்தைக் கட்டியது; 1896 செப்டம்பர் இறுதியில் வந்த சூறாவளி அதைப் பெயர்த்து எறிந்தது. மறு ஆண்டு அதே கல்தூண்களின் மேல் 21 நாட்களில் இரும்புப் பாலத்தை எழுப்பினார்கள். ஆனால் அதற்குள் ஊரின் தொழில் மாறிவிட்டிருந்தது. 1857இலேயே மாநில அரசு தன் ரயிலையும் கால்வாயையும் பென்சில்வேனியா ரயில்வேக்கு 75 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டது. ஹாரிஸ்பர்க் வழியாகத் தொடர்ச்சியான ரயில்பாதை ஓடத் தொடங்கியதும் கொலம்பியாவில் மூட்டை இறங்க வேண்டிய தேவை அற்றுப்போயிற்று. இரும்பு உருக்காலைகளும் பட்டறைகளும் பட்டு நெசவாலையும் ஊரைச் சில பத்தாண்டுகள் தாங்கின; 1900இல் மக்கள்தொகை 12,000-ஐத் தாண்டியிருந்தது. இன்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

1930இல் வாகனங்களுக்கான கான்கிரீட் வளைவுப் பாலம் வந்தது; லிங்கன் நெடுஞ்சாலை அதன் மேல் ஓடியது; ஊரின் நடுவே வண்டிகள் போயின. 1972இல் ஊருக்கு வடக்கே புறவழிச் சாலையும் புதுப்பாலமும் திறந்தன. அந்தப் பாலத்துக்கு ரைட்டின் துறை என்றே பெயர் வைத்தார்கள். ஊரைத் தொடாமல் தாண்டிப் போவதற்காகக் கட்டிய பாலத்துக்கு, ஊரையே உண்டாக்கிய துறையின் பெயர்! இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு என் கருத்துக்குத் தேவையில்லை.

பழைய ஏடு

உங்கள் கருத்து பொருளாதாரத்துக்குப் பொருந்தும், இயல்புக்குப் போதாது. பக்கத்தில் லங்காஸ்டர், யார்க் என்று இரண்டு பெரிய நகரங்கள் இருந்தும் இவ்வூர் எதிலும் கரைந்துவிடவில்லை. தனக்கென்று மேயரும் மன்றமும் காவல்துறையும் வைத்துக்கொண்டிருக்கிறது. 1869இல் கட்டிய சந்தைக் கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறது. ஒருகாலத்தில் அதன் நிலவறையில் ஆட்களை அடைத்து வைத்தார்கள். அமெரிக்கக் கடிகார ஆர்வலர் சங்கம் இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு, 1977இல் கடிகார அருங்காட்சியகத்தையும் திறந்தது. கடப்பதற்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். தங்கியவர்கள் இடித்துக் கட்டப் பணம் இல்லாததாலோ பிடிவாதத்தாலோ பழையதைக் காப்பாற்றினார்கள். இரண்டும் காரணம் என்றே நினைக்கிறேன். செழித்த ஊர்கள் தங்கள் செங்கல் வீடுகளை எப்போதோ இடித்துவிட்டன.

நெய்தல்

அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு இருக்கிறது. ஒரே நாள்தான். எங்கிருந்து தொடங்கலாம்?

கற்றூண்

ரைட்ஸ்விலிலிருந்து தொடங்குங்கள் அம்மா. புறவழிச் சாலையை விட்டுவிட்டு 1930ஆம் ஆண்டுப் பாலத்தின் நடைபாதையில் கிழக்கு நோக்கி நடந்து வாருங்கள். ஒரு மைலுக்குச் சற்று அதிகம். பக்கத்திலேயே பழைய பாலத்தின் கல்தூண்கள் வரிசையாக நிற்கும். 1896க்குப் பிறகு கட்டிய இரும்புப் பாலத்தை 1960-களில் கழற்றி விற்றுவிட்டார்கள். தூண்களை மட்டும் விட்டுவிட்டார்கள். கோடையில் தண்ணீர் குறைந்திருந்தால் பாறைகளும் தெரியும். கப்பல் ஏன் வரவில்லை, வண்டி ஏன் இறங்கவில்லை என்பது அப்போது சொல்லாமலே விளங்கும். கொலம்பியா பக்கம் இறங்கியதும் ஆற்றோரப் பூங்கா. அங்கிருந்து சுசானா ரைட்டின் வீடு நடக்கும் தொலைவுதான். வீடு ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இளவேனில்

நேரம் இருந்தால் வடகிழக்குத் தெருக்களுக்கும் போய் வாருங்கள். விப்பரும் ஸ்மித்தும் மரம் அடுக்கிய கரையோரத்தில் இப்போது பார்க்க அதிகம் இல்லை. மேட்டுப் பக்கம் குடியிருப்புகள் இருந்த இடத்தையாவது பார்த்துவிடலாம். பாலத்திலிருந்து நடந்தே போகலாம்.